பொன்னுமணி கடைக்குக் கண்ணு இருக்கு

போடியில பொன்னுமணின்னு சொன்னா யாருக்கும் தெரியாது. ஏலக்காய் பொன்னுமணின்னு சொன்னாலும் அதே கதைதான், இங்க தெருவுக்குப் பத்து ஏலக்காய்க்காரவுக. "பாக்காமலே பாக்குற பொன்னுமணி"ன்னு கேட்டுப் பாருங்க, வீட்டு வாசல்லயே கொண்டாந்து விட்டுருவாக. அந்தப் பேரு எப்பிடி வந்துச்சுன்னு அவ சொல்ல மாட்டா. நான் சொல்றேன். நான் தமிழ்செல்வி, அவளுக்கு அடுத்த வீடு, அவ விக்கிற ஏலக்காய்க்குப் பாக்கெட் ஒட்டுறவ. ஒட்டுறதுக்குக் கூலி உண்டு, அவ வாயைச் சகிச்சுக்கிறதுக்குத்தான் கூலி கெடையாது.

காயை நேரா வெளியூருக்கே விக்கப்போறேன்னு கெளம்பி, பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்க முத்துக்கண்ணனைப் பிடிச்சு ஒரு வெப்சைட்டு போட்டா. அவன் அதுக்குள்ள டிராக்கர்னு ஒண்ணையும் வச்சுக் குடுத்தான். எந்த ஊர்லருந்து ஆளு வந்துச்சு, என்ன போனு, எம்புட்டு நேரம் இருந்துச்சு, எந்த எடத்துல வெரல் நின்னுச்சு, எல்லாம் காட்டும். வெரல் நிக்கிற எடம் செவப்பாத் தெரியும். ஆனா வந்தவுக பேரு தெரியாது, மூஞ்சியும் தெரியாது. இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க.

அந்தச் செவப்பு முழுசும் ஒரே படத்து மேல கெடந்துச்சு. பொன்னுமணியோட அக்கா ஈஸ்வரி படம். ஈஸ்வரி மலை மேல பூப்பாறைக்குப் பக்கத்து எஸ்டேட்டுல காய் எடுக்குறா, அங்கயே எஸ்டேட்டுக்காரவுக குடுத்த லயத்து வீட்டுல குடியிருக்கா. சேலைக்கு மேல புருசனோட பழைய முழுக்கைச் சட்டை, தலையில துண்டு, சட்டை பூராம் கறை, வாய் நெறையச் சிரிப்பு. காய் வாங்க மேல போனப்ப பொன்னுமணி எடுத்து, ஒரு வார்த்தை கேக்காம முதப் பக்கத்துல போட்டுட்டா.

ஈஸ்வரி அதைப் பாத்துட்டு போன்ல காய்ச்சி எடுத்துட்டா. "நல்லது பொல்லாதுக்குக் கட்டுற சேலையைக் கட்டி நின்னுருக்க மாட்டனா? அழுக்குச் சட்டையோட ஒலகத்துக்கே காமிச்சிட்டியேடி. எடுத்துரு." இவ என்ன சொல்லியிருக்கணும்? சரிக்கான்னு சொல்லியிருக்கணும். "அந்தச் சட்டையைப் பாத்துத்தான்க்கா ஆளு நிக்குது, டிராக்கர் சொல்லுது"ன்னு சொன்னா. "அப்ப டிராக்கரையே அக்கான்னு கூப்பிட்டுக்க. ஓங் கடைப் பக்கம் நான் தலைவச்சுப் படுக்க மாட்டேன்"னு ஈஸ்வரி போனை வச்சவதான். அதோட பேச்சுவார்த்தை நின்னுபோச்சு.

ஒரு வருசமா இவ படத்தையும் எடுக்கல, போனையும் எடுக்கல. அக்காதான் மொதல்ல பேசணும்னு வீம்பு. ஆனா மேல ஆளு ஏத்திட்டுப் போற ஜீப்புக்கார பால்பாண்டியைப் பாக்குறப்பல்லாம் "மேல மழையாண்ணே? எல்லாரும் சொகமா?"ன்னு கேப்பா. அந்த எல்லாரும் ஒரே ஒரு ஆளுதான்னு எனக்குத் தெரியும். அக்கா ஞாபகம் வந்துட்டா அன்னைக்கு என் பாக்கெட்டுல எல்லாம் கொறை கண்டுபிடிப்பா.

இந்த லட்சணத்துல ஊருக்குள்ள ஒரு கூத்து. டிராக்கர்ல போடின்னு நெறைய ஆளு வந்து போவும், ஒருத்தரும் வாங்க மாட்டாக. எல்லாம் சொந்தக்காரவுக, இவ பொழப்பு எப்பிடி ஓடுதுன்னு எட்டிப் பாக்க வர்றது. அதுல தலைமை, இவ சின்ன மாமியா ஜக்கம்மாள். சீரியல் முடிஞ்ச கையோட போடியில ஒரு போனு வரும், ஒவ்வொரு படமாப் பாக்கும், போயிரும். மறுநாள் காலையில, பொன்னுமணி கடையில ஈ ஓடுதுன்னு தெருவெல்லாம் பேச்சு.

ஒரு சனிக்கெழமை ரேசன் கடை வரிசையில பொன்னுமணி நைசா பக்கத்துல போயி நின்னா. "என்ன சின்னத்தே, நேத்து நம்ம கடைக்கு வந்துட்டு ஒண்ணும் வாங்காமப் போயிட்டீக. அதுவும் தலையில எண்ணெயைத் தேச்சுக்கிட்டு, பழைய நைட்டியோட. கடைக்கு வரும்போது கொஞ்சம் பாத்து வரக்கூடாதா?"

ஜக்கம்மாளுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. வெள்ளிக்கெழமைன்னா எண்ணெய் தேய்க்கும், வீட்டுல இருந்தா நைட்டிதான், இது தெருவுக்கே தெரிஞ்ச சேதி. ஆனா அந்த நேரத்துல அதுக்குப் புத்தி எங்க ஓடும்? அன்னைக்கு மத்தியானமே கால் கிலோ வாங்கிட்டுப் போச்சு. போற வழியெல்லாம், பொன்னுமணி கடைக்குக் கண்ணு இருக்குன்னு சொல்லிட்டே போச்சு.

அதுக்கப்புறம் நான் கண்ட காட்சியைக் கேளுங்க. எங்க தெருப் பொம்பளைக தலையைச் சீவி, பொட்டு வச்சு, பவுடர் போட்டுட்டுத்தான் அந்த வெப்சைட்டைத் தொறந்தாக. வந்துட்டு வெறுங்கையோட போறதுக்குக் கூச்சப்பட்டு ஆளுக்கு அம்பது கிராமாவது வாங்குனாக. "பாவம்டி, உண்மையைச் சொல்லிரு"ன்னேன். "யாவாரம் நடக்குதுல்ல, பேசாம ஒட்டு"ன்னா. இந்தச் சேதி ஜீப்புல ஏறி மலைக்கும் போயிருச்சு. அது எங்களுக்கு அப்பத் தெரியல.

அந்தச் சமயத்துலதான் டிராக்கர்ல புதுசா ஒரு ஆளு வந்துச்சு. கேரளா, இடுக்கி. தெனம் சாயங்காலம் வரும், முதப் பக்கத்துலயே ரொம்ப நேரம் நிக்கும், ஒண்ணையும் தொடாது, போயிரும். பொன்னுமணிக்குத் தரையில கால் பாவல. "பெரிய ஏவாரிடி. மலையாளி. சரக்கை எடை போடுறான்." மேட்டுல ஏறுனா நம்ம ஆளுக போனும் கேரளா டவரைத்தான் புடிக்கும்னு இவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆசை கண்ணை மறைச்சிருச்சு, எனக்கும் சேத்துத்தான். அந்த ஏவாரிக்காக ஓணம் வாழ்த்து போட்டா. அந்த ஆளு வெளிய போறப்போ நிப்பாட்டி, பத்து பர்சன்ட் தள்ளுபடின்னு திரை பூராம் காட்ட வச்சா. ஏவாரி மசியல. ஆனா வர்றதையும் நிறுத்தல.

பால்பாண்டிதான் ஒரு நாளு பாக்கெட் லோடு ஏத்த வந்தப்ப வாயைத் தொறந்தாரு. "என்னத்தா, அக்காளும் தங்கச்சியும் ராசியாகிட்டீகளாமே. நல்லதுதான்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நாந்தான் தெனம் பாக்குறேனே. உங்கக்கா சோலி முடிஞ்சதும் குளிச்சு, பூ வச்சு, நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு, அரிசி டப்பாவுல போனைச் சாச்சு வச்சு அதுக்கு முன்னால உக்காந்திருக்கு. நேத்து மாம்பழக் கலரு. என்னக்கா விசேசம்னு கேட்டா, 'பொன்னுமணி பாக்குறா, வெரசாப் போ'ன்னு வெரட்டுது."

பொன்னுமணி கையில இருந்த பாக்கெட்டு கீழ விழுந்து காய் பூராம் செதறிப்போச்சு. அவ குனிஞ்சு பொறுக்கல. நாந்தான் பொறுக்குனேன். நிமிந்து பாத்தா, முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுகுறா.

மறுநாளு ரெண்டு பேரும் பால்பாண்டி ஜீப்புல மேல போனோம். லயத்து வாசல்ல ஈஸ்வரி நின்னுட்டிருந்தா. வாடின்னும் சொல்லல.

"ஏண்டி, நான் கட்டிக் காமிக்காத சேலை ஒண்ணு மிச்சமிருக்கா? ஒண்ணுகூடவா உனக்குப் புடிக்கல? படத்தை மாத்திருப்பா மாத்திருப்பான்னு தெனம் வந்து பாக்குறேன், அந்தப் பாழாப்போன சட்டைதான் கெடக்கு."

இவ பொய்க்குக் கேக்கவா வேணும்? மாம்பழக் கலரு ரொம்ப எடுப்பா இருந்துச்சுக்கான்னு ஒண்ணை எடுத்து விடுவான்னு காத்திருந்தேன்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலக்கா"ன்னா. "ஊருப் பேரு மட்டுந்தான் தெரியும். கண்ணும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. ஜக்கம்மாளை மெரட்டச் சொன்ன பொய்யி. நீ இத்தனை நாளு எம் முன்னால உக்காந்திருந்திருக்க, நான் உன்னைப் பாக்கல."

ஈஸ்வரி மெதுவா, "அப்ப அந்த ஓணம் வாழ்த்து யாருக்கு?"ன்னா.

"உனக்குத்தான். மலையாளி ஏவாரின்னு நெனச்சுட்டேன்."

ஈஸ்வரி சிரிக்க ஆரம்பிச்சவ, நிக்க முடியாம வாசப்படியில உக்காந்துட்டா. இவளும் அவ பக்கத்துலயே உக்காந்தா. சிரிச்சு முடிச்சுக் கண்ணைத் தொடச்சுட்டு ஈஸ்வரி சொன்னா, "என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்தச் சட்டையோடவே நின்னுருப்பேன்டி. எஞ் சோலிச் சட்டைதான அது."

"இப்பக் கேக்குறேன்க்கா."

"இப்ப முடியாது. சேலைதான்."

பெட்டியில இருந்த அத்தனை சேலையையும் மாத்தி மாத்திக் கட்டுனா, இவ படமா எடுத்துத் தள்ளுனா. பால்பாண்டி ஆரனை அடிச்சுட்டே, "மதி, மதி"ன்னு மலையாளத்துல போதும் போதும்னு கத்துறாரு. அக்காளும் தங்கச்சியும் காதுலயே வாங்கல.

இப்ப முதப் பக்கத்துல மாம்பழக் கலர் சேலையில, வெறப்பா, அடையாள அட்டைக்கு எடுத்த மாதிரி ஈஸ்வரி நிக்கிறா. பாக்கச் சகிக்கல. யாவாரமும் கொஞ்சம் படுத்துருச்சு. முத்துக்கண்ணன் பழைய படத்தைப் போடச் சொல்லிக் கெஞ்சுனான். பொன்னுமணி மொறைச்ச மொறைப்புல போயிட்டான்.

ஈஸ்வரி தெனம் போன் போடுறா. "எப்பிடிடி, ஆளு நிக்குதா?"

"கூட்டம் தாங்கலக்கா. எல்லா வெரலும் உம் மேலதான்."

நான் எட்டி டிராக்கரைப் பாத்தேன். படத்து மேல ஒரே ஒரு செவப்புப் பொட்டு, அதுவும் ஒரே ஊருலருந்து வந்தது. இடுக்கி. நான் வாயைத் தொறக்கப் போனேன். போனைக் கையால பொத்திக்கிட்டு, பேசாம ஒட்டுடின்னா.