பரலோக மந்திரத்தின் இரண்டாம் பாதி

அன்னாள் அக்காவிடம் நான் கேட்டது சாதாரணக் கேள்விதான். அது அக்டோபர் மாதம். மாதா சுரூபம் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. ஜெபமாலையை எப்போதும் அக்காதான் நடத்துவார். அருள்நிறை மந்திரம் பத்தையும் கணீரென்று சொல்லுவார். ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் வரும் பரலோக மந்திரத்துக்கு மட்டும் வேறு யாரையாவது பார்த்துத் தலையசைப்பார். அவர்கள் முன்பாதியைச் சொல்லி முடித்ததும், எல்லோரும் சேர்ந்து சொல்லும் பின்பாதியில் அவர் குரலும் வந்து கலந்துகொள்ளும்.

மறுநாள் அவர் வீட்டில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தபோது, ஏன் அப்படி என்று கேட்டேன்.

"நாலு பேருக்கு வேலை குடுக்க வேணாமா? எல்லாத்தையும் நானே சொன்னா மாதாவுக்கே சலிச்சுப்போகும்" என்று சிரித்தார்.

அந்த மந்திரம் தொடங்கும் 'எங்கள் தந்தையே' என்ற வரியை அவர் வாயால் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்றேன். அவர் விரல்கள் நாரில் நின்றுவிட்டன.

"இம்புட்டு வருசத்துல கோயிலுக்கு வந்த ஒரு சாமியாரும் கண்டுபிடிக்கல. நீ படிச்ச இங்கிலீசு பள்ளிக்கூடத்துல இதத்தான் சொல்லிக்குடுத்தாகளா?"

பிறகு அக்காவே அடுத்த பூவை எடுத்து முடிச்சுப் போட்டபடியே சொன்னார்.

"எங்கம்மாவக் கெணத்துல தள்ளுனது வேதியர்தான், தாயி."

வேதியர் என்று அவர் சொன்னது தன் தகப்பனார் அந்தோணிமுத்துவை. ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஊரில், சாமியார் வர முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் நடத்திய மனிதர்; அப்படிப்பட்டவரை வேதியர் என்பார்கள். மகளும் அவரை வேதியர் என்றே குறிப்பிடுவதை மரியாதை என்று நினைத்திருந்தேன். தகப்பனைப் பார்த்துக்கொள்வதற்காகக் கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவர் என்று எங்கள் கோயில் பங்கு மக்களிடையே அக்காவுக்கு நல்ல பெயர். அந்த வேதியர் அப்போது அடுத்த அறையில்தான் படுத்திருந்தார். காலையில் அக்கா அவருக்குக் குழைத்து ஊட்டிய சோற்றின் தட்டு எங்கள் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா நாரைப் பல்லால் கடித்து அறுத்தார்.

மிச்சத்தை அவர் கோவையாகச் சொல்லவில்லை. பல நாட்களில், பூ வாங்கப் போகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது.

சிறுமியாக இருந்தபோது அவருக்கு அம்மை போட்டிருந்தது. ஜெபம் செய்தும் இறங்கவில்லை. அம்மா பக்கத்து வீட்டுப் பேச்சாயியிடம் வேப்பிலைக் கொத்து வாங்கி வாசல் நிலையில் செருகினாள். மாரியாத்தாவுக்கு மஞ்சத்தண்ணி ஊற்றுவதாகவும் வேண்டிக்கொண்டாள். வேதியர் வீட்டு நிலையில் வேப்பிலை. வெளியூரில் ஜெபம் முடித்துத் திரும்பியவர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தண்ணீர் எடுக்கப் போயிருந்த மனைவியைத் தேடிக் கிணற்றடிக்குப் போனார். படுத்திருந்த பாயிலிருந்து திறந்த கதவு வழியே கிணறு தெரியும். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் வழுக்கிவிட்டது என்று ஊருக்குச் சொல்லப்பட்டது.

அன்று சாயங்காலம் பிரேதத்தின் தலைமாட்டில் நின்று, 'பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே' என்று வேதியர் முன்பாதியைத் தொடங்கினார். கூட்டம் பின்பாதியைச் சொன்னது. அதோடு அந்த வார்த்தை மகளின் தொண்டையில் நின்றுவிட்டது. பின்னாளில் பிதாவைத் தந்தை என்று மாற்றினார்கள். அதையாவது சொல்லிப் பார்த்தாராம், வரவில்லை. சாமியாரைக்கூட அவர் 'சாமி' என்றே கூப்பிடுவார், 'ஃபாதர்' என்று கூப்பிட்டதில்லை.

ஊரில் யாருக்குமே தெரியாதா என்று கேட்டேன்.

"பொம்பளைக அம்புட்டுப் பேருக்கும் தெரியும். அது ஊருக்குத் தெரிஞ்சதுல சேராதுல்ல."

ஆனால் அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. அநியாயமாகச் செத்தவள் சாமியாகிவிடுவாள் என்பது அங்கே எல்லோரும் அறிந்தது. பேச்சாயி கிணற்றடியில் ஒரு கல்லை நட்டு, சேலை சாத்தி, விளக்கு வைத்தாள். சாத்தான் வேலை என்று வேதியர் கல்லைப் பிடுங்கிப் போட்டார். மறுநாள் வேறு கல் நின்றது. ஞானஸ்நானம் வாங்கிய வேதியர் மனைவி, கிணத்துச் சீலைக்காரி ஆனாள். பிள்ளைக்கு அம்மை போட்டால் அவளுக்குத்தான் மஞ்சத்தண்ணி.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் எங்கள் கோயில் பீடத்தில் பூ வைப்பதில்லை. அன்னாள் அக்காவுக்கு அப்போது வியாபாரம் குறைவு. ஆனால் ஒவ்வொரு மாசியிலும் ஒரு நாள் கூடை நிறையப் பூவோடு பஸ் ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்பார்.

அந்தப் பூ போவது கிணற்றடிக்கு என்று தெரிந்தபோது, அது எனக்கு முதல் அதிர்ச்சியைவிடப் பெரிதாக இருந்தது. ஜெபமாலை நடத்துகிறவர் கல்லுக்கு மாலை போடுகிறார். பாவமில்லையா என்று கேட்டே விட்டேன்.

"மாதா நல்லவ. நாம அழுதா கூடச் சேந்து அழுவா. ஆனா அவளுக்குக் கோவம் வராது. எங்கம்மாவுக்காகக் கோவப்பட ஒரு ஆளு வேணும்ல? அது ஆத்தாதான். பரலோகத்துல இருக்கறவரு வேதியர் பக்கம்னு நெனச்சே வளந்துட்டேன்."

பின்பாதியில் 'எங்களுக்குத் தீமை செய்தோரை நாங்கள் மன்னிப்பது போல' என்று வருகிறதே, அதை மட்டும் எப்படிச் சொல்கிறீர்கள் என்றேன்.

"அது கூட்டத்தோட சொல்றது. கூட்டம் மன்னிச்சிருச்சு போல."

அடுத்த ஆண்டு தவக்காலத்தில் வேதியர் இழுத்துக்கொண்டு கிடந்தார். சாமியார் வந்து எண்ணெய் பூசி நோயில் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். உயிர் போகவில்லை. வாதம் வந்து கோணிய வாயால், மகளைப் பார்த்து 'நீ சொல்லு, நீ சொல்லு' என்பது மட்டும் குழறலாக வந்தது. மகள் வாயால் பரலோக மந்திரம் கேட்காமல் இந்த உயிர் அடங்காது என்று பார்க்க வந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள். சொல்லேன் அன்னாள், என்ன அழுத்தம், என்று ஒருத்தி கடிந்தாள். அக்கா அவருடைய உதட்டைத் துணியால் நனைத்துக்கொண்டே இருந்தார். வாய் திறக்கவில்லை.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பூ இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான். உள்ளே வரச் சொன்னேன், நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"செத்த நேரம் எங்க வீட்டுக்கு வா, தாயி. முதப் பாதிய நீ சொல்லு. இங்கிலீசுலன்னாலும் சரி. ரெண்டாம் பாதி எனக்குத் தனியா வருதான்னு பாக்குறேன்."