ஆத்தா ஏறும் பிக்கப்

வண்டி ரிப்பேர் தொழிலில் வண்டி கொடுக்கும் தொல்லை கம்மி. அதிலிருந்து இறங்கி வருகிறவர்கள் கொடுக்கும் தொல்லைதான் ஜாஸ்தி. நீங்களும் ஸ்பேனர் பிடித்துப் பிழைப்பவராக இருந்தால் இது உங்களுக்கே தெரியும், பாதியிலேயே எழுந்து போய் டீ குடிக்கலாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருவண்ணாமலையில் திண்டிவனம் ரோட்டில் என் ஒர்க்‌ஷாப். அங்கே ஒரு பழைய பிக்கப் வந்து என் ஆனி மாதம் முழுவதையும் தின்றுவிட்டுப் போனது.

முள் படுத்துவிட்டது

வண்டிக்காரர் பெயர் ஏகாம்பரம். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையும் நெல் மூட்டையும் ஏற்ற ஒரு பிக்கப் வாங்கப் போனவர், நாலு கதவு வைத்த, தானாகவே கியர் மாறுகிற, க்ரூஸ் கன்ட்ரோல் எல்லாம் இருக்கிற ஒரு பழைய சீமாட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எத்தனை கை மாறியது என்று விற்றவருக்கே தெரியாது. இப்போது ஸ்பீடாமீட்டர் முள் நினைத்தால் எழுந்திருக்கிறது, நினைத்தால் படுத்துவிடுகிறது. க்ரூஸ் போட்டால் பிடித்த மாதிரி பிடித்து விட்டுவிடுகிறது. நின்ற வண்டியை எடுத்தால் கியர் உதைக்கிறது.

மூட்டை ஏற்றுகிற வண்டி உதைத்தால் மூட்டைக்கு வலிக்காது. ஏகாம்பரத்தின் கவலை வேறு. அவர் ஊர் மாரியம்மன் ஆடித் திருவிழாவில் ஊர்வலம் வருவாள். எப்போதும் பங்காளி தண்டபாணியின் டிராக்டரில்தான் வருவாள். போன ஆடியில் முதல்முறையாக ஏகாம்பரத்தின் பிக்கப்பில் ஏறினாள். அன்றிலிருந்து ஊரில் அவருக்கு ஒரு நாற்காலி கூடுதலாகப் போடுகிறார்கள். இந்த ஆடியில் அம்மனை வைத்துக்கொண்டு வண்டி உதைத்தால் அந்த நாற்காலி போகும், அம்மன் சாய்ந்தால் ஊரை விட்டே போக வேண்டியதுதான். அதனால் மூன்று கோளாறையும் வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டு அவர் சொன்னார்: "மீட்டர் ஓடலன்னாலும் பரவால்லணா. ஆத்தா ஏறி நிக்கறப்ப ஒதைக்காம இருந்தா போதும். தண்டபாணி இப்பவே டிராக்டரக் கழுவி வச்சிருக்கான்."

செல்போன் வைத்தியர்

எல்லா வண்டிக்கும் ஒரு மச்சான் உண்டு. ஏகாம்பரத்தின் மச்சான் முரளி. வேங்கிக்காலில் வீட்டுமனை விற்கிறார். ஓய்வு நேரத்தில் செல்போனில் வண்டி வைத்தியம் பார்க்கிறார். நான் பானெட்டைத் திறப்பதற்குள் அவர் மூன்று வீடியோவைத் திறந்துவிட்டார். அதில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பனிக்குள் நின்றுகொண்டு மீட்டரை மாற்றுகிறார். பனி இல்லையே தவிர மற்றதெல்லாம் நம் கேஸ்தான் என்று முரளி அடித்துச் சொன்னார்.

மறுவாரம் ஆன்லைனில் எங்கிருந்தோ ஒரு பழைய மீட்டர் வரவழைத்துக் கையில் கொடுத்து, "மாட்டுங்க" என்றார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. மாட்டினேன். வேறு யாரோ ஓட்டிய கிலோமீட்டரை எல்லாம் அது பெருமையாகக் காட்டியது. வண்டியை எடுத்தோம். முள் எழுந்தது, ஒரு பள்ளத்தில் இறங்கியதும் பழைய முள் படுத்த இடத்திலேயே படுத்தது. முரளியின் முகத்தில் ஒரு சுருக்கம் விழ வேண்டுமே, விழவில்லை. "மீட்டர் நல்ல மீட்டர்தாங்க. வண்டிதான் அதுக்குச் சரியில்ல" என்றார்.

கும்பிடுவதற்கு ஒரு பட்டன்

க்ரூஸ் கன்ட்ரோல் என்பது காலை எடுத்துவிட்டாலும் வைத்த வேகத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டு போகிற வசதி. நம் ரோட்டில் அதற்கு என்ன வேலை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பாதி ரோட்டில் நெல் காய்கிறது, மீதி ரோட்டில் ஆடு நடக்கிறது. ஆனாலும் ஏகாம்பரம் காலியாக வரும்போது க்ரூஸைப் போட்டு, காலை மடித்து சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டு வருவாராம். ஊரில் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அவருக்கு ஒரு ஆசை. ஊர்வலத்தில் அம்மன் நடை வேகத்துக்கு க்ரூஸைப் போட்டுவிட்டால், அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுக்கொண்டே வரலாம். ஸ்டியரிங்கை யார் பிடிப்பது என்று கேட்டேன். அதை ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்றார். ஐயா, நாற்பதுக்குக் கீழே இது பிடிக்காது, சரியாக இருந்தாலும் பிடிக்காது என்று விளக்கினேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "நாப்பதுல போனா ஆத்தா எப்படிணா நிப்பா? இதச் செஞ்சவன் ஒரு தடவ நம்ம ஊரு திருவிழாவுக்கு வந்து பாத்துட்டுச் செஞ்சிருக்கணும்."

டவுனில் நல்ல பிள்ளை

இந்த வண்டியில் ஸ்பீடாமீட்டர், க்ரூஸ், கியர் மூன்றுக்கும் ஒரே அடுப்பில்தான் சமையல். கியர்பாக்ஸில் ஒரு சின்ன சென்சார் இருக்கிறது. சக்கரம் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று அது சொல்வதை வைத்துத்தான் மூவரும் வேலை செய்கிறார்கள். அது வாயை மூடினால் மூவருக்கும் பட்டினி. ஆகவே புது சென்சார் போட்டேன். கலெக்டர் ஆபீஸ் இருக்கிற வேங்கிக்கால் வரை ஓட்டினேன். முள் கம்பீரமாக நின்றது, கியர் வெண்ணெய் மாதிரி மாறியது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வண்டியைக் கொடுத்து அனுப்பினேன்.

கீழ்பென்னாத்தூர் தாண்டி முதல் வேகத்தடை ஏறி இறங்கியதும் முள் படுத்துவிட்டது. திரும்ப வந்தார். நான் ஓட்டினால் ஓடுகிறது. அவர் ஊருக்குப் போனால் நின்றுவிடுகிறது. ஒருநாள் நானே அவர் ஊர்வரை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால் அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக எங்கள் பக்கத்து ரோட்டையெல்லாம் திருப்பிவிட்டிருந்தார்கள். ஒர்க்‌ஷாப் வாசலைத் தாண்டவில்லை. ஏகாம்பரம் ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார்: "வேங்கிக்கால் வரைக்கும் ஓடுதுன்னா அது கலெக்டர் ஆபீஸுக்குப் பயந்துணா. எங்க ஊர்ல அது யாருக்குப் பயப்படும்?"

துக்கம் விசாரிக்க வந்தவர்

தண்டபாணி என் கடைக்கு அதுவரை வந்ததே இல்லை. டிராக்டருக்கு கிரீஸ் வாங்க வந்தேன் என்றார். நான் கிரீஸ் விற்பதில்லை. பிக்கப்பைச் சுற்றி வந்து ஒரு முறை பெருமூச்சு விட்டார். கியர்பாக்ஸை இறக்கினால் ஆடி முடிவதற்குள் ஏற்ற முடியாதாமே என்று அக்கறையாகக் கேட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, திருவிழா முடிந்த வாரமே ஏகாம்பரம் இதில் பிராய்லர் கோழி ஏற்றினார், அன்றிலிருந்துதான் மீட்டர் போச்சு, ஊரே அப்படித்தான் பேசிக்கொள்கிறது என்றார். ஊர் பேசுவதற்கு முதலில் வாய் திறந்தவர் யார் என்று நான் கேட்கவில்லை.

காப்புக் கட்டும் நாளன்று பெரியவர்கள் கூடி எந்த வண்டி என்று முடிவு சொல்வார்கள். அதற்கு அதிக நாள் இல்லை. கியர்பாக்ஸை இறக்கிப் பார்ப்பதென்றால் ஏகாம்பரம் இந்த வருஷம் தோற்றுப்போவார், இறக்காமல் விட்டு அன்றைக்கு உதைத்தால் என்னால் தோற்றுப்போவார். தண்டபாணியின் டிராக்டரை எனக்குத் தெரியும். ஒரு மைல் போனால் இடுப்பெலும்பு தனியாக இறங்கி நடக்கும். அவரோ போகும்போது சொன்னார்: "நான் ஒண்ணும் சொல்லலீங்க. ஆத்தாவுக்கு எது சௌகரியமோ அதுல வருவா. டிராக்டர்னா ஒதைக்காது, அவ்ளோதான்."

கண்ணில் ஒற்றிக்கொண்ட துணி

வண்டிக்கு அடியில், கியர்பாக்ஸுக்கு மேலே போகிற ஒயர்க் கட்டின் மேல் ஒரு மஞ்சள் துணி சுற்றியிருந்தது. குங்குமம் தெரிந்தது. முதல் நாளே பார்த்தேன். அம்மன் ஏறிய வண்டி, காப்புக் கட்டியிருக்கிறார்கள் என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேலே வேலையைப் பார்த்தேன். சென்சார் மாற்றிய நாளும் ஒற்றிக்கொண்டேன். சிரிக்காதீர்கள். உங்கள் தலைக்கு மேல் மாரியம்மன் துணி தொங்கினால் நீங்கள் அவிழ்த்துப் பார்ப்பீர்களா?

கடைசியில் ஒருநாள் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றவிட்டு, ஏகாம்பரத்தை உள்ளே உட்காரவைத்து முள்ளைப் பார்க்கச் சொன்னேன். அடியில் படுத்து ஒரு குச்சியால் ஒயரை ஒவ்வொரு இடமாக அசைத்தேன். குச்சி லேசாகத் தள்ளி அந்தத் துணி இரும்பில் பட்டதும், "படுத்துச்சுணா" என்றார். விட்டேன். "எழுந்துச்சு" என்றார். மறுபடி தள்ளினேன், மறுபடி படுத்தது. துணிக்குள்ளேதான் திருடன். வெளியே வந்து கத்தரியை எடுத்தேன். ஏகாம்பரம் ஒரே தாவலில் இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். "கை வைக்காதீங்கணா. அவுக்கணும்னா பூசாரிதான் அவுக்கணும். ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அப்புறம் என் வண்டிய யாரு பாக்கறது?"

பூசாரி அடியில் போனார்

பூசாரி மொபெட்டில் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, பையில் கற்பூரம். என் முப்பது வருஷத் தொழிலில் கியர்பாக்ஸுக்குக் கற்பூரம் காட்டியது அன்றுதான். பெட்ரோல் கேன்களை எல்லாம் தூர வைத்துவிட்டு வந்து நானும் கும்பிட்டேன். பூசாரி கோணி விரித்துப் படுத்து உள்ளே நகர்ந்தார். பிறகு, "இது நான் கட்டுனதில்லியே" என்றது வண்டி. காப்பு சாமி கையில் கட்டுவது, என் கையில் கட்டுவது, கியர்பாக்ஸுக்கு எதற்கு நான் கட்டப் போகிறேன் என்று உள்ளிருந்தே கேட்டார். அவிழ்த்தார். உள்ளே சென்சாருக்குப் போகிற இரண்டு ஒயரின் தோலைச் சீவி, இன்னொரு ஒயரை முறுக்கிச் சேர்த்திருந்தது. அந்த மூன்றாவது ஒயரின் முனை துணியைக் கிழித்துக்கொண்டு செப்புக்கம்பி தெரிய எட்டிப் பார்த்தது. பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் இரும்பில் பட்டு சென்சாரின் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

போன வருஷம் அம்மன் பிரபைக்கு லைட் போட்ட எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். ஆமாம், அடியில்தான் கரண்ட் எடுத்தேன் என்றார். டேப் தீர்ந்துபோச்சு, பந்தலில் கிடந்த துணியைக் கிழித்துக் கட்டினேன் என்றார். அம்மன் தலைக்குப் பின்னால் ஜொலித்த வெளிச்சம் முழுக்க எங்கள் ஸ்பீடாமீட்டர் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்றதுதான். ஏகாம்பரம் போனைப் பிடுங்கிக் கத்தினார். அந்த ஆள் பதறவே இல்லை: "ஒரு வருஷமா அப்படியேவா கெடக்குது? மறுநாளே யாராவது அவுத்துடுவீங்கன்னுல்ல நெனச்சேன்."

ஊர்வலம்

ஒயரை வெட்டி, ஒட்டி, கறுப்பு டேப்பைச் சுற்றினேன். கீழ்பென்னாத்தூர் வேகத்தடைகளில் எல்லாம் நானே ஏற்றி இறக்கினேன். முள் அசையவில்லை. காப்புக் கட்டும் நாளில் பெரியவர்களும் வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிக்கப்தான் என்று சொல்லிவிட்டார்கள். நான் ஒரே ஒரு கட்டளை போட்டேன்: இந்த வண்டியிலிருந்து ஒரு பல்புக்குக்கூட கரண்ட் எடுக்கக் கூடாது. அப்படியானால் ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வர ஒரு டிராக்டர் வேண்டும். ஊரில் கழுவித் துடைத்துத் தயாராக இருந்தது ஒரே டிராக்டர்தான். பின்னால் வருகிறோமே என்று தண்டபாணி முதலில் சுணங்கினார். அப்புறம், ஆத்தாவுக்கு வெளிச்சமே என்னுதுதான் என்று ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஊர்வலத்துக்கு நானும் போனேன். வீட்டுக்கு வீடு ஆரத்தி, தேங்காய். ஒவ்வொரு வாசலிலும் வண்டி நிற்க வேண்டும், மறுபடி எடுக்க வேண்டும். எடுக்கும்போதெல்லாம் நான் அம்மனைத்தான் பார்த்தேன். அம்மன் தலையிலிருந்த பூச்சரம்கூட அதிரவில்லை. உள்ளே ஏகாம்பரம் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கும்பிட முடியாமல் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு போனார். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையாட்டியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சொல்லிவிடுகிறேனே, நிஜமாகவே பெருமையாக இருந்தது. அம்மன் கோயிலில் இறங்கியதும் மைக்கில் பூசாரிக்கு நன்றி சொல்லி மாலை போட்டார்கள். பிறகு ஜெனரேட்டருக்குப் போட்டார்கள். நான் கூட்டத்தில் நின்று கைதட்டினேன்.

ஏகாம்பரம் பிரசாதத்தோடு என்னைத் தேடி வந்தார். முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு. என் கையை விடவே இல்லை. "பாத்தீங்களாணா, பூசாரி கை பட்டதும் எப்படி ஓடுதுன்னு. அதான் மத்தியானமே அவர வண்டிக்கடியில அனுப்பி, அதே எடத்துல புதுசா ஒரு மஞ்சத்துணி கட்டச் சொல்லிட்டேன். நல்லா இறுக்கமாவே கட்டியிருக்காரு."

இப்போதெல்லாம் எந்த வண்டிக்கு அடியில் மஞ்சள் துணி தெரிந்தாலும் நான் முதலில் கண்ணில் ஒற்றிக்கொண்டுவிட்டு, அப்புறம் மறக்காமல் டெஸ்டரை வைத்துப் பார்க்கிறேன்.