பூசை போட்ட துப்பாக்கி

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டினாப்ல இருக்கிற நகைக்கடை வாசல்ல காக்கி உடுப்பும் முறுக்கு மீசையுமா ஒருத்தர் நிப்பார். தோள்ல துப்பாக்கி தொங்கும். அவர்தான் அரும்பாவூர் அரங்கநாதன். ஆளைப் பார்த்து மிரண்டுடாதீங்க. மிரளுற ஆளே தான்தான்னு அவரே முதல்ல சொல்லிடுவார். "பாதிச் சம்பளம் மீசைக்கு, மீதிச் சம்பளம் துப்பாக்கிக்கு. நான் சும்மா ரெண்டையும் சுமந்துக்கிட்டு பஸ்ஸுல வந்துட்டுப் போறேன்"ம்பார்.

கடையைக் காவல் காக்கிறதுதான் வேலைன்னு பேரு. செய்யறதெல்லாம் வேற. தாலி வாங்க வர்ற கூட்டத்துக்குக் கதவைத் திறந்து விடணும். காணாமப் போன செருப்பைத் தேடிக் குடுக்கணும். பாத்ரூம் எங்கன்னு கேட்டா கை காட்டணும். அம்மாக்காரி நெக்லஸைக் கழுத்துல வச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கறப்ப கைப்புள்ளையை வாங்கி வச்சுக்கணும். ஒரு தோள்ல துப்பாக்கி, ஒரு தோள்ல புள்ளை. புள்ளை அழுதா துப்பாக்கியை ஆட்டிக் காட்டுவார். அழுகை நிக்கும். அந்தத் துப்பாக்கி செஞ்ச ஒரே உத்தியோகம் அதுதான்.

துப்பாக்கி சாதாரணப்பட்டது இல்ல. அவங்கப்பா பூமாலை, பச்சைமலை அடிவாரத்துல பண்ணை வச்சிருந்த ஒரு பெரிய மனுசர் ஊரை விட்டுக் கிளம்பினப்ப அவர்கிட்டேருந்து முறைப்படி லைசன்ஸ் போட்டு வாங்கினது. வெளிநாட்டுச் சரக்கு. விசைக்குக் கீழ வளையம் மாதிரி ஒரு இரும்பு லீவர் இருக்கும். அதைக் கீழ தள்ளி மேல இழுத்தா சடக்குன்னு தோட்டா ஏறும். அப்பா காலத்துக்கப்புறம் லைசன்ஸ் மகன் பேருக்கு மாறுச்சு. முதலாளி கலைச்செல்வன் கடை திறந்தப்ப துப்பாக்கியோட ஒரு ஆள் தேடினார். "ஊருல மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துப் பொண்ணு குடுப்பாங்க. எனக்கு துப்பாக்கி முகத்தைப் பார்த்து வேலை குடுத்தாங்க. என் முகத்துக்கு மாடு மேய்க்கக் கூடக் கூப்பிட மாட்டாங்க." இதுவும் அவர் சொன்னதுதான்.

ஆனா அவர் சொல்லாதது ஒண்ணு இருந்துச்சு. அந்த லீவர் அசையாது. எத்தனையோ வருசமா அசையறதில்ல. இது அவருக்கும் பொண்டாட்டி மணிமொழிக்கும் மட்டுமே தெரிஞ்ச சங்கதி. தேர்தல் வந்தா லைசன்ஸ் துப்பாக்கியை எல்லாம் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும் இல்லையா, அப்படிப் போனப்ப ஒரு ஏட்டு லீவரைப் பிடிச்சு இழுத்தார். முகம் செவந்து போச்சு, லீவர் வரல. "என்னய்யா இது, இறுகிக் கெடக்கு?"ன்னார். நம்மாளு மீசையை ஒரு தடவு தடவிட்டு, "பழக்கமில்லாத கைக்கு வராதுங்க சார்"னுட்டார். வெளிய வந்ததும் டீக்கடையில உக்காந்து ரெண்டு டீ குடிச்சுத்தான் நிமிந்தாராம்.

இப்படியே ஓடிடும்னுதான் நினைச்சார். ஓடல. கடைக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கிற நேரம் வந்துச்சு. அந்தக் கம்பெனிக்காரங்க, வாசல்ல நிக்கிற துப்பாக்கி வேலை செய்யுதான்னு ஆள் அனுப்பிப் பார்ப்போம்னுட்டாங்க. முதலாளி கூப்பிட்டார்.

"அரங்கநாதா, திருச்சிக்குப் போயி சர்வீஸ் பண்ணிக் கொண்டா. அவங்க வந்து பார்த்து ஓகே சொல்லணும். இல்லேன்னா நான் செக்யூரிட்டி ஏஜென்சி ஆளைத்தான் போடணும். வேற வழியில்ல."

இந்த வேலையை விட்டா வேற என்ன தெரியும் அவருக்கு? காடு கழனி எப்பவோ அண்ணன் தம்பி பாகத்துல கரைஞ்சு போச்சு. ஊருல பேரே 'கன்மேன் வூடு'தான். மணிமொழிய விக்கிரமங்கலத்துல கட்டினப்பவே, மாப்பிள்ளை வூட்டுல துப்பாக்கி இருக்குன்னு அவங்க சாதிசனமெல்லாம் வந்து பார்த்துட்டுப் போச்சு. இப்ப மீசையை மட்டும் வச்சுக்கிட்டு எங்க போயி நிக்கிறது?

துப்பாக்கியைப் போர்வையில சுத்தி, லைசன்ஸை சட்டைப் பைக்குள்ள வச்சுக்கிட்டு பஸ் ஏறினார். பாடாலூர் தாண்டறப்ப கண்டக்டர் வந்து, "என்ன கடப்பாரையா? லக்கேஜ் போடணும்"னார். "ஆமாங்க, கடப்பாரைதான்"னு லக்கேஜ் டிக்கெட் வாங்கிக்கிட்டார். பொய் சொன்ன மாதிரியே இல்லையாம் அவருக்கு.

திருச்சியில லைசன்ஸோட துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிற கடை ஜெயசீலனோடது. ஜெயசீலன் லீவரை ஆட்டிப் பார்த்தார், குழலுக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். அப்புறம் மேஜையில துணியை விரிச்சு, ஒவ்வொரு திருகா கழட்ட ஆரம்பிச்சார். பக்கத்துத் தகட்டை நெம்பி எடுத்ததும் உள்ளேருந்து கட்டி கட்டியா மஞ்சளா ஒண்ணு உதுந்துச்சு. நடுவுல செவப்பு, அதுக்கு மேல சாம்பல், திரும்ப மஞ்சள். காஞ்ச சாமந்தி இதழ். ரெண்டு மூணு அரிசி. ஒரு எலுமிச்சங்கொட்டை.

ஜெயசீலன் கண்ணாடியைக் கழட்டினார். "சார், இது துப்பாக்கியா, உற்சவ மூர்த்தியா?"

அரங்கநாதனுக்கு அப்பத்தான் உறைச்சுது. ஆயுத பூசைங்க! கடையில வருசா வருசம் தராசு, பில் மிஷின், கல்லாப்பெட்டி எல்லாத்துக்கும் பொட்டு வைப்பாங்க. நடுநாயகமா இவர் துப்பாக்கி. மத்ததுக்கெல்லாம் ஒரு பொட்டு வச்சா, இவர் மட்டும், "இன்னும் கொஞ்சம் குழைச்சு வைம்மா, ஆயுத பூசையில ஆயுதம்னு இருக்கறது இது ஒண்ணுதானே"ன்னு சந்தனத்தைக் கேட்டு வாங்கி லீவர் இடுக்குலயும் விசைச் சந்துலயும் அப்பிக்குவார். குங்குமம் தடவின எலுமிச்சம்பழத்தை மேல பிழிவார். மறுநாள் துடைக்கறது? சாமிக்கு வச்சதை யாராவது துடைப்பாங்களா? அதுக்கு மேல நல்லெண்ணெயை ஊத்திடுவார், துப்பாக்கி குளிர்ச்சியா இருக்கட்டும்னு.

"எலுமிச்சைச் சாறு இரும்பைத் தின்னிருக்கு. நல்லெண்ணெய் காஞ்சு பிசினாகி சந்தனத்தைப் பிடிச்சு வச்சிருக்கு"ன்னார் ஜெயசீலன். "எதிரி கூட இவ்வளவு பண்ணியிருக்க மாட்டான். யார் வேலை இது?"

"பூசை போட வந்த ஐயருங்க"ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டு, "நான்தாங்க"ன்னார். "ரொம்ப பக்தியான ஆளு. வெளக்கெண்ணெயா ஊத்தாம விட்டேனேன்னு சந்தோசப்படுங்க."

ஜெயசீலன் துப்பாக்கியை வச்சுட்டுப் போகச் சொன்னார். சாமானை எல்லாம் மண்ணெண்ணெயில ஊறப் போட்டு, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால தேய்க்கணும். தோட்டாவை அடிக்கிற ஊசி துருப்பிடிச்சுக் கூம்பிப் போயிருந்துச்சு, அதைப் புதுசா கடையணும். ஸ்பிரிங் ஒடிஞ்சிருந்துச்சு. மரக்கட்டையில விரிசல். அதை ஒட்டி, ஆளி விதை எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பூசித் தேய்க்கணும்.

அத்தனை நாளும் அரங்கநாதன் வாசல்ல வெறுந்தோளோட நின்னார். யாராவது கேட்டா என்ன சொல்றதுன்னு ஒரு பெரிய கதையே கட்டி வச்சிருந்தார். ஒருத்தரும் கேக்கல. தினம் அந்தப் பக்கமா போற ஒரு அம்மா மட்டும் நின்னு, ஏற இறங்கப் பார்த்து, "ஏண்ணே, என்னமோ கொறையுதே... மீசையைக் கொறச்சுட்டீங்களா?"ன்னுச்சு. அன்னைக்கு வூட்டுக்குப் போயி மணிமொழிகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். ஆனா உள்ளுக்குள்ள என்னமோ மாதிரி இருந்துச்சு.

துப்பாக்கி தயாரானப்ப, பார்த்தவருக்கு அடையாளமே தெரியல. குழல் கருநீலத்துல மின்னுது. மரக்கட்டையில ரேகை ரேகையா ஓடுது, பலாச்சுளை நிறத்துல. லீவரை ஒரு விரலால தள்ளினார் ஜெயசீலன். சடக். இழுத்தார். சடக். அரங்கநாதனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அப்பா கையில இருந்தப்ப கேட்ட சத்தம் அது.

"பின்னாடி மணல் மூட்டை அடுக்கி வச்சிருக்கேன். நீங்களே ஒண்ணு சுட்டுப் பாருங்க சார்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. நீங்களே பாத்துடுங்க"ன்னு வாசலுக்கு வந்து காதைப் பொத்திக்கிட்டு நின்னார் நம்ம கன்மேன். உள்ள வெடிச்ச சத்தத்துல செருப்பை விட்டுட்டு நாலடி தள்ளிப் போயிருந்தார். திரும்பி வந்து செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி உள்ள போனார்.

இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் வந்தார். பேரு அருள்முருகன், மிலிட்டரியில இருந்து வந்தவர். துப்பாக்கியை வாங்கி, லீவரை ஓட்டிப் பார்த்து, "அருமை! இப்படி ஒண்ண நான் படத்துலதான் பார்த்திருக்கேன்"னார். முதலாளிக்கு முகமெல்லாம் பல்லு. அரங்கநாதன் மீசை தானா மேல ஏறுச்சு. வேலை தப்பிச்சுது!

"சரி, துப்பாக்கி பாஸ். இப்ப நீங்க"ன்னார் அருள்முருகன். "காலையில கடை திறக்கும்போது எப்படி தோட்டா போடுவீங்க, ராத்திரி எப்படி எடுப்பீங்க, செஞ்சு காட்டுங்க. பின்னாடி ஜெனரேட்டர் பக்கம் போயிடலாம்."

போனாங்க. விசயம் கேள்விப்பட்டு கடையில வேலை பார்க்கிற பொண்ணுங்களும் செல்லைத் தூக்கிக்கிட்டு பின்னாலயே வந்துட்டாங்க, வீடியோ எடுக்க. ஜெயசீலன் குடுத்தனுப்பின புதுத் தோட்டாவை அரங்கநாதன் பையிலேருந்து எடுத்தார். துப்பாக்கியோட பக்கவாட்டுல ஒரு சின்ன மூடி மாதிரி இருக்கும், அதுல அழுத்தினா உள்ள போகும்னு ஜெயசீலன் சொன்னது ஞாபகம் இருந்துச்சு. முதல் தோட்டா எப்படியோ போயிடுச்சு. லீவரை ஒரு ஓட்டு ஓட்டினார். சடக்.

இனிமே என்ன பண்ணணும்னு சுத்தமாத் தெரியல. உள்ள இருக்கிறது ஏறிடுச்சா, எப்படி இறக்கறது, விரலை எங்க வைக்கிறது, ஒண்ணும் புரியல. யாரையாவது கேக்கலாம்னு துப்பாக்கியோட அப்படியே திரும்பினார். குழல் நேரா அந்தப் பொண்ணுங்க பக்கம் திரும்பிடுச்சு.

"ஏம்மா, தள்ளுங்க தள்ளுங்க!"ன்னு கத்தினார் அருள்முருகன்.

ஒருத்தியும் நகரல. முன்னால நின்ன இலக்கியா செல்லுல இருந்து கண்ணை எடுக்காமயே சிரிச்சா. "பயப்படாதீங்க சார், அது எங்க அண்ணன் துப்பாக்கி. ஒண்ணும் செய்யாது."

அரங்கநாதன் விசைப் பக்கத்துலேருந்து விரலை எடுத்தார். குழலை மெல்ல வானத்தைப் பார்க்கத் தூக்கினார். தூக்கினவர் அப்படியே நின்னார். அருள்முருகன் ஓடியாந்து துப்பாக்கியை வாங்கி, தோட்டாவை வெளிய எடுத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்துச்சு.

"கடைசியா எப்ப சுட்டீங்க?"

"சுட்டதில்லீங்க."

"இந்தத் துப்பாக்கியிலயா?"

"எந்தத் துப்பாக்கியிலயும்."

பக்கத்துல நின்ன முதலாளி பல்லைக் கடிச்சுக்கிட்டு கண்ணைக் காட்டினார். அருள்முருகன் நல்ல மனுசன்தான். "பழக்கம் விட்டுப் போச்சுன்னு சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். அப்புறமா ரைபிள் கிளப்புல போயி கத்துக்கங்க"ன்னு வழி கூடச் சொன்னார். தலையை ஆட்டினா போதும். வேலை நிலைக்கும், மீசை நிலைக்கும், கன்மேன் வூடும் நிலைக்கும்.

"வேண்டாங்க சார்"னார் அரங்கநாதன். "கையெழுத்துப் போட்டுடாதீங்க."

அருள்முருகன் போனதும் முதலாளி வெடிச்சார். "ஏன்யா, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? ஆமான்னு ஒரு பொய்யைச் சொல்லித் தொலைச்சா என்ன கொறஞ்சு போயிடும்? நாளைக்கே ஏஜென்சிக்காரன் வந்து நிப்பான். நீ என்ன பண்ணுவ?"

அரங்கநாதன் துப்பாக்கியைப் போர்வையில சுத்திக்கிட்டு இருந்தார். கண்ணுல தண்ணி நின்னுச்சு, துடைக்கல.

"இத்தனை வருசமா பொய்தான் முதலாளி சொல்லிக்கிட்டு இருந்தேன்"னார். "அப்ப அது சுடாதுங்களே."