ஐம்பத்தெட்டுக்கு முன்னால் அறுபத்தொன்று

போன திங்கட்கிழமை ஒரு கல்லூரிக்கு நான் அப்பாவாகப் போயிருந்தேன்.

பதற வேண்டாம். பக்கத்து வீட்டு சேவியருக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவர். அவருடைய மகள் மெர்சி பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் வகுப்புக்குள் விடுவோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்களாம். ஓட்டுப் போடும் வயது வந்த பெண். அரசாங்கத்தையே தேர்ந்தெடுக்கலாம்... கிளாசுக்குள் போக மட்டும் அப்பா வேண்டும்.

"நீ போய்ட்டு வா அண்ணே," என்றார் சேவியர். "நீ பேப்பர்ல எய்தற ஆளு. உன்னப் பாத்தா மரியாத குடுப்பாங்கோ."

நானும் அதை நம்பித்தான் போனேன்.

மெர்சி என்ன குற்றம் செய்தாள்? அதற்கு முன், கம்ப்யூட்டர் சயின்சில் பட்டம் வாங்க என்னென்ன வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா? கம்ப்யூட்டர் வேண்டும் என்று நினைத்தால் நீங்களும் என்னைப் போல அப்பாவிதான். முதலில் நீளமான ரெக்கார்டு நோட்டு வேண்டும். பிரவுன் அட்டை போட்டிருக்க வேண்டும். ஸ்கேல், பென்சில், ஃப்ளோசார்ட் வரைய ஓட்டை போட்ட பிளாஸ்டிக் அட்டை. வலது பக்கத்தில் நீல மையில் புரோகிராம். இடது பக்கம், கோடில்லாத தாளில், அந்த புரோகிராம் கம்ப்யூட்டர் திரையில் காட்டிய விடையைக் கட்டம் போட்டு பென்சிலால் எழுத வேண்டும். அதாவது கம்ப்யூட்டர் செய்ததைக் கையால் மறுபடி செய்து காட்ட வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. தாளைக் கிழிக்கக் கூடாது. புரோகிராமுக்குப் புரோகிராம் சாரின் கையெழுத்து இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பிராக்டிகல் பரீட்சைக்கு உட்கார முடியாது.

கம்ப்யூட்டரும் இருக்கிறது, இல்லாமலில்லை. ஏசி அறையில் இருக்கிறது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு மெஷினுக்கு மூன்று பேர். ஒருத்தி டைப் அடிப்பாள், ஒருத்தி வாசிப்பாள், மூன்றாமவள் வாசலில் செருப்பு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொள்வாள்.

ஆகவே யாரும் மெஷினை நம்புவதில்லை. டிபார்ட்மென்ட் பீரோவில் 'மாடல் ரெக்கார்டு' என்று ஒன்று இருக்கிறது. என்றோ படித்த ஒரு மாணவன் அழகாக எழுதிவைத்துவிட்டுப் போனது. வருடா வருடம் வருகிற அறுபது பேரும் அதைப் பார்த்து எழுதுகிறார்கள். சாரும் அதை ஒரு கையில் வைத்துக்கொண்டு, ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். இருபது புரோகிராம், இருபது கையெழுத்து... விஞ்ஞானம் வளர்கிறது.

இப்போது மெர்சியின் குற்றத்துக்கு வருவோம். அவள் ஒன்பதாவது புரோகிராமை மெஷினில் ஓட்டிப் பார்த்துவிட்டாள்.

பத்து எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தும் புரோகிராம் அது. மாடல் ரெக்கார்டில் உள்ள விடை நாற்பத்தேழு, அறுபத்தொன்று, ஐம்பத்தெட்டு, எழுபத்திரண்டு என்று போகிறது. மெஷினோ ஐம்பத்தெட்டை முன்னால் போட்டது. அந்த மாணவன் எழுதும்போது கை தவறியிருப்பான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனை வருடம், எத்தனை பேர்! அத்தனை பேருக்கும் ஐம்பத்தெட்டைவிட அறுபத்தொன்று சின்னது. எல்லோரும் பட்டதாரிகள்.

மெர்சி மெஷின் சொன்னதை எழுதிக்கொண்டு போனாள். சார் சிவப்பு மையில் குறுக்குக் கோடு போட்டு 'மறுபடி எழுது' என்றார். மாடல்தான் தப்பு சார் என்றாள். அதை எழுதியவன் இன்று அமெரிக்காவில் இருக்கிறான், தெரியுமா என்றார் அவர். இவள் வாய் சும்மா இருக்குமா? "அமெரிக்காவுல அறுபத்தொண்ணுக்கு அப்புறம்தான் ஐம்பத்தெட்டு வருமா சார்?" என்று கேட்டிருக்கிறாள்.

நான் அப்பாவானது இப்படித்தான்.

சாரைப் பார்த்தேன். வில்லனெல்லாம் இல்லை. பாவம், கெமிஸ்ட்ரி படித்தவர். கெமிஸ்ட்ரிக்குச் சேர ஆளில்லாமல் போனதும், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு டிப்ளமா வாங்கி இந்தப் பக்கம் வந்தவர். நான் வாராவாரம் எழுதுகிறவன் என்று மெதுவாக அவிழ்த்துவிட்டேன். எந்தப் பத்திரிகை என்றார். சொன்னேன். வீட்டில் வாங்குவதில்லை என்றார். அத்தோடு என் மரியாதை முடிந்தது.

இரண்டு எண்களையும் எழுதிக் காட்டி, எது சின்னது சார் என்று கேட்டேன். அவர் நிதானமாகப் பதில் சொன்னார்.

"எனக்குத் தெரியாதா சார்? வெளியிலேருந்து எக்ஸாமினர் வருவார். அரை நாள்ல அறுபது ரெக்கார்டு பாக்கணும். அறுபதும் ஒரே மாதிரி தப்பா இருந்தா அது சிலபஸ். ஒண்ணு மட்டும் சரியா இருந்தா, அது பிரச்னை."

சிவப்புக் கோடு விழுந்த நோட்டு செல்லாதாம். புது நோட்டில் இருபதையும் எழுதி, புதன்கிழமைக்குள் கையெழுத்து வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை பிராக்டிகல். அதை விட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். மெர்சியை ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருக்கிறது. ஜூலையில் சேர வேண்டும். ஒரு அரியர் இருந்தாலும் வேலை கிடையாது.

ரயிலில் திரும்பும்போது, வீறாப்பு வேண்டாம், அவர் சொன்னபடியே எழுதிவிடு என்றேன். அநியாயத்தைக் கண்டால் பொங்குவதாக வாராவாரம் இங்கே மார்தட்டுகிறவன் நான்தான். சொன்ன வாயைக் கழுவ வேண்டும்போல இருந்தது.

மெர்சி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு வருசத்துல நானா கண்டுபிடிச்சது இது ஒண்ணுதான் மாமா," என்றாள். "அதையும் வுட்டுடுன்னு சொல்றீங்கோ."

திருவொற்றியூரில் இறங்கியதும் புது ரெக்கார்டு நோட்டு ஒன்று வாங்கினோம்.

மறுநாள் சேவியர் வீடு ரெக்கார்டு தொழிற்சாலையாகிவிட்டது. மெர்சி புரோகிராம் எழுதினாள். அவள் அம்மா ஃப்ளோசார்ட் வரைந்தார். ஷிப்ட் முடித்து வந்த சேவியர் கட்டம் போட்டார். நாற்பது அடிப் பெட்டியை அங்குலம் பிசகாமல் இறக்கிவைக்கிற கை... கோடுகள் அச்சடித்தது மாதிரி விழுந்தன. சில பக்கங்களில் பழைய நோட்டைப் பார்த்து விடையை எழுதும் வேலை எனக்கு. ஒரு டிகிரிக்கு நான்கு பேர் படித்தோம்.

ஒன்பதாம் எண்ணின் இடது பக்கத்தை மட்டும் மெர்சி தொடவில்லை. பத்தொன்பதும் முடிந்த பிறகும் அது காலியாகவே கிடந்தது. தப்பை என் கையால் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அம்மா கெஞ்சினார், பிறகு திட்டினார். நான் ஜூலை மாதத்தை நினைவுபடுத்தினேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

சேவியர் கையிலிருந்த பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத இன்னாத்துக்கு பென்சில்ல எய்தச் சொல்றாங்கோ?"

அது ரூல் என்றாள் மெர்சி.

"எங்க யார்டுலயும் எந்தப் பொட்டி எங்கன்னு பென்சில்லதான் எய்துவோம். ஆபீசர் கையெத்து போட்டுட்டுப் பூடுவாரு. அதுக்கப்புறம்தான் பொட்டிங்கோ மாறிகினே இருக்கும். அயிச்சு அயிச்சு எய்திக்குவோம்." நோட்டை மகள் பக்கம் தள்ளினார். "கையெத்து எந்தப் பக்கம் வரும்?"

கையெழுத்து வலது பக்கத்தில் வரும். மையால் எழுதிய பக்கத்தில்.

மெர்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தாள். அழுத்தாமல், பூப்போல எழுதினாள். நாற்பத்தேழு, அறுபத்தொன்று, ஐம்பத்தெட்டு. புதன்கிழமை சார் ஒன்பதாவதை மட்டும் மாடலோடு ஒப்பிட்டுப் பார்த்து, திருப்தியாக இருபதிலும் கையெழுத்துப் போட்டார். புதன்கிழமை சாயங்காலம் ரப்பர் தன் வேலையைச் செய்தது.

வெள்ளிக்கிழமை பிராக்டிகலில் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். மெர்சிக்கு வேறு ஏதோ புரோகிராம் வந்தது, நன்றாகச் செய்தாளாம். ஒன்பதாவது வேறொரு பையனுக்கு விழுந்திருக்கிறது. திரையில் ஒரு வரிசை, ரெக்கார்டில் ஒரு வரிசை. ஏன் தம்பி இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று எக்ஸாமினர் கேட்டிருக்கிறார். மெஷினில் வைரஸ் சார் என்றானாம். அவரும் தலையாட்டிவிட்டு மார்க் போட்டாராம்.

ஆனால் மெர்சி வீட்டுக்கு வந்ததும் சொன்ன சேதி வேறு. பழைய மாடல் ரெக்கார்டு கிழிந்து தொங்குகிறதாம். இந்த வருடத்து நோட்டுகளிலேயே கோடுகள் நேராக இருப்பது இதுதான் என்று, அவளுடைய ரெக்கார்டை சார் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம். இனி வருகிற பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். ஐம்பத்தெட்டு இனிமேல் முன்னால் வரும். சேவியர் தெருவுக்கே டீ சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்?

நேற்று அவர்கள் வீட்டில் கிடந்த பழைய நோட்டை, அந்தச் சிவப்புக் கோடு போட்டதை, சும்மா புரட்டினேன். பதினான்காவது புரோகிராம், பன்னிரண்டாம் வாய்ப்பாடு. பன்னிரண்டு எட்டு தொண்ணூற்றாறு என்று மெர்சி சரியாகத்தான் எழுதியிருந்தாள். புது நோட்டில் அந்தப் பக்கத்தை எழுதியது நான். ஒன்பதை முன்னால் போட்டேனா, ஆறை முன்னால் போட்டேனா? விரலால் காற்றில் எழுதிப் பார்த்தேன். அறுபத்தொன்பது என்றுதான் எழுதித் தொலைத்திருக்கிறேன்.

மெர்சியிடம் சொல்லவில்லை. அவள் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. சார் வீட்டில் பத்திரிகையே வாங்குவதில்லை. நீங்களும் வெளியே சொல்லிவிடாதீர்கள்... அடுத்த வருடம் அறுபது பிள்ளைகள் பட்டம் வாங்க வேண்டாமா?