அசனாலி முகம் காட்டிய நாள்

எல்லை லாரிப் பேட்டையில் அசனாலி இருபத்திரண்டு வருஷமாக லாரி ஓட்டி, அடி வாங்கியவன். எந்த லாரி முதலில் போகும் என்பது கோசுபெக் என்ற முரடனின் நோட்டில் இருந்தது. அவனைக் கேட்காமல் நகர்ந்தால் தொலைந்தோம். அசனாலிக்கு விலாவில் இரண்டு எலும்பு போனது, ஒரு தரம் காது கிழிந்தது. கேட்க ஒரு நாதியில்லை.

இந்தக் கோடையில்தான் வரிசை போனுக்கு வந்தது. வீட்டிலிருந்தே நம்பர் எடுக்கலாம். முறை வந்ததும் போனில் முகத்தைக் காட்டினால் கேட் திறக்கும். தவறவிட்டால் மறுபடி ஆறு நாள் காத்திருக்க வேண்டும். அசனாலி ஏற்றி வந்ததோ செர்ரிப் பழம், ஓஷ் நகரத்துப் பக்கம் அவன் தெருவில் மூன்று குடும்பங்களின் ஒரு வருஷப் பாடு. ஆறு நாளில் அத்தனையும் அழுகிவிடும்.

காலை பதினொரு மணிக்கு அவன் முறை. பத்தரைக்கு இரண்டு தடியன்களோடு கோசுபெக் வந்து நின்றான்.

"என் நோட்டுல உன் பேரு இல்லையே, துரை?"

"அத இனிமே சம்சா மடிக்கக் குடு."

வாயை மூடிக்கொண்டிருக்கலாம்தான். இருபத்திரண்டு வருஷம் மூடியிருந்தானே, போதாதா?

போனை உடைக்கப்போகிறார்கள் என்று நினைத்து, அதை வயிற்றுக்கடியில் வைத்துக் குப்புற விழுந்தான். அங்கேதான் ஏமாந்தான். பாவிகள் போனைத் தொடவே இல்லை. அவனை மல்லாக்கப் புரட்டி, முகத்தில் மட்டும் குத்தினார்கள். உதடு பிளந்தது. மூக்கு உடைந்தது. வலது கண் வீங்கி மூடிக்கொண்டது.

"இப்ப காட்டு உன் மூஞ்சிய," என்றான் கோசுபெக்.

பதினொன்று அடித்ததும் மூன்று தரம் காட்டினான். முகம் பொருந்தவில்லை என்றது போன்.

கேட் ஜன்னலில் இருந்த அதிகாரி கையை விரித்தார். "நீங்கதான்னு எனக்குத் தெரியுதுண்ணே. மெஷின் ஒத்துக்கணுமே."

முறை கைவிட்டுப் போக இன்னும் ஒன்பது நிமிஷம். பின்னால் வெங்காய லாரியில் இருந்த சைராகுலிடம் ஓடினான்.

"அக்கா, பிளேடு எடு. கண்ணுக்கு மேல கீறி ரத்தத்த எறக்கு."

"பைத்தியமாடா நீ? குருடாப் போவ."

"பழம் அழுகுனா மூணு வீட்டுல அடுப்பு எரியாது. கீறுக்கா."

அவள் அவன் லாரியில் ஏறி அழுதுகொண்டே கீறினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். கெட்ட ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. அவள் வீக்கத்தை அமுக்கி, முகத்தைத் துடைத்துவிட்டாள். கண் மெல்லத் திறந்தது. போனைத் தூக்கிப் பிடித்தான். பச்சை விழுந்து, கேட் திறந்தது.

வண்டியைக் கிளப்பியவன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான்.

"பிளேட என்கிட்ட குடுத்துடுக்கா. அந்தப் பக்கத்துக் கேட்டுலயும் மூஞ்சி கேப்பானுங்க. அதுக்குள்ள மறுபடி வீங்கிடும்."