பழி போட ஒரு மானிட்டர்

அந்த விளம்பரம் ஒரு வாரமாக என் கைப்பேசியை விட்டுப் போகவில்லை. இருபத்தேழு அங்குல மானிட்டர், ஃபோர்-கே, ஏறக்குறைய பாதி விலை, ஞாயிற்றுக்கிழமையோடு சரி. கிள்ளானில் ஒரு மாடிக்கடையில் புகைப்பட வேலை செய்து பிழைக்கிறவள் நான். என் மேசையில் இருப்பது கடை திறந்த அன்று வாங்கிய மானிட்டர். பதினொரு வருடத்தில் ஓரமெல்லாம் மஞ்சள் படிந்துவிட்டது. இதை மாற்ற யாரும் ஒரு வாரம் யோசிக்க மாட்டார்கள். நான் யோசித்தேன். காரணம் பணமில்லை, பயம்.

என் வேலையில் பாதி பிறந்தநாளும் திருமணமும். மீதிப் பாதி இறந்தவர்கள். காலையில் ஒருவர் தவறினால் பத்து மணிக்குள் எனக்கு வாட்ஸ்அப் வந்துவிடும். மதியம் உடலை எடுப்பதற்குள் பெரிய படம் சட்டம் போட்டு நிற்க வேண்டும். நல்ல படம் எந்த வீட்டிலும் இருக்காது. ஐசி அடையாள அட்டையில் இருக்கும் படத்தை அனுப்புவார்கள், இல்லையென்றால் கல்யாணக் கூட்டத்தில் பாதித் தலை தெரிகிற படத்தை. வாழ்நாளில் கோட்டுப் போடாத மனிதருக்கு நான் கோட்டும் டையும் போட்டுவிடுவேன். புள்ளி, கீறல், பூஞ்சை எல்லாவற்றையும் துடைத்து ஆளைப் பளிச்சென்று ஆக்கிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுடைய அப்பாவுக்குப் படம் செய்து கொடுத்தது நான்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அந்தப் படத்தைச் சட்டத்தோடு துணியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. அப்பாவோட மச்சம் எங்கக்கா?”

“நீங்க அனுப்புன படத்துல மச்சமே இல்லையேம்மா” என்றேன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். யாராவது குறை சொன்னால் எனக்கு வாய்தான் முந்தும். அவள் அனுப்பிய படத்தைத் திறந்து காட்டினேன். இடது கண்ணுக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி. அதைச் சுற்றி அதே மாதிரி நான்கைந்து புள்ளிகள். “பாருங்க, எல்லாம் தூசு.”

அவள் திரையில் ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டாள்.

“இது தூசு இல்லக்கா. இது அப்பா.”

அவளை உட்கார வைத்து, மச்சத்தைத் திரும்ப வைத்து, புதிதாக அச்சடித்துக் கொடுத்தேன். போகும்போது என்னைச் சமாதானப்படுத்துவது போலத்தான் சொன்னாள்: “மொத நாளே எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சுக்கா. சாவு வீட்டுல யாரு இதெல்லாம் பேசுவாங்க?”

உண்மைதான். எங்கள் ஆட்கள் சாவு வீட்டிலும் பந்தல் சரியில்லை என்பார்கள், பஸ் லேட்டாக வந்தது என்பார்கள். படத்தை மட்டும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். “அழகா இருக்காரு” என்று சொல்லிவிட்டுப் பூவைப் போடுவார்கள். அப்படியென்றால் இந்தப் பதினொரு வருடத்தில் எத்தனை வீடுகள் என்னிடம் வாயை மூடிக்கொண்டு இருந்தன? மேருவிலும் செமினியிலும் கம்போங் மேடானிலும் எத்தனை வீட்டுச் சுவர்களில் என் கைவேலை தொங்குகிறது? யார் யாருடைய தழும்பை நான் தூசு என்று துடைத்தேன்?

தூசையும் மச்சத்தையும் பிரித்துக் காட்டாத மானிட்டர்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். அப்போதுதான் இந்த விளம்பரமும் வந்தது. வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது என்று ஒரு மனம் சொல்லும். வாங்கினால் பழைய படங்களையெல்லாம் அதில் திறந்து பார்க்காமல் இருக்க முடியாதே என்று இன்னொரு மனம் சொல்லும். செய்த தப்பு இன்னதென்று தெரிந்துபோனால் அப்புறம் எந்த முகத்தோடு அடுத்த வீட்டுக்குப் படம் செய்வது?

ஞாயிற்றுக்கிழமை மதியம், கோலாலம்பூரில் அந்த விளம்பரம் கொடுத்த பேரங்காடிக்கே போய்விட்டேன். விற்பனையாளர் ஒரு பச்சைக்கிளியைத் திரையில் காட்டினார். “பாருங்க ஆன்டி, ஒவ்வொரு எறகும் தனியா தெரியும்லா.”

கிளியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? என் பென்டிரைவைச் செருகச் சொன்னேன். அதில் என் அப்பாவின் படம் இருந்தது. நான் செய்த முதல் சாவுப் படம் அது. அதைப் பார்த்துத்தான் சனம் என்னைத் தேடி வர ஆரம்பித்தது. எதில் தப்பு இருந்தாலும் அதில் இருக்காது என்ற தைரியத்தில்தான் எடுத்துப் போனேன்.

அப்பாவின் பணப்பையில் மடிந்து கிடந்த படத்தையும், நான் சீர்செய்ததையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மடிப்பு நெற்றியிலிருந்து வலது புருவத்தின் வழியாகக் கீழே இறங்கியிருந்தது. அதை நான் அப்போது அருமையாக மறைத்திருந்தேன். புருவம் முழுசாக, அடர்த்தியாக இருந்தது. ஆனால் அப்பாவின் புருவம் முழுசாக இருந்ததே கிடையாது. லோரிக் கதவின் கொக்கி கிழித்து, நான் பிறப்பதற்கு முன்பே அது இரண்டாகப் பிளந்திருந்தது. மடிப்புக்குப் பக்கத்திலேயே அந்த வெட்டும் தெரிந்தது. மடிப்போடு மடிப்பாக அதையும் அழித்திருக்கிறேன்.

முப்பது வருடம் அந்த முகத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு எதற்கு மானிட்டர்? அந்தப் பிரிக்பீல்ட்ஸ் பெண்ணுக்கு அவள் அப்பாவின் மச்சம் தெரிந்திருந்தது. எனக்கு என் அப்பாவின் புருவம் இத்தனை வருடம் ஞாபகத்துக்கு வரவேயில்லை. கடை நடுவிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. விற்பனையாளர் பாவம், விலையைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் குறைத்துத் தருவதாகச் சொன்னார்.

வாங்கினேன். இனி மானிட்டர் மேல் பழி போட முடியாது. அதற்காகவே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தார். பெட்டியைக் காரிலேயே விட்டுவிட்டு நேராக அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

“அம்மா, அப்பாவுக்குப் புருவத்துல வெட்டு இருந்துச்சே. இந்தப் படத்துல இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றார், திரியைத் தூண்டியபடியே. “மாட்டுன அன்னைக்கே தெரியும்.”

“ஏம்மா சொல்லல?”

“நீ அழுதுகிட்டே செஞ்ச. அதுல போயி நான் என்னத்தச் சொல்றது?”

“பதினோரு வருஷமா இதையா கும்பிட்டீங்க?” என் குரல் உயர்ந்துவிட்டது. யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. “நாளைக்கே மாத்தித் தரேன்.”

“மெதுவா மாத்துலா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்றார் அம்மா. “நான் கும்பிடறப்ப கண்ண மூடிக்குவேன். மூடுனா அந்த வெட்டோடதான் வருவாரு.”