கடைசிப் பக்கத்தை உத்திரமேரூருக்கு எடுத்துப் போனேன்

போன செவ்வாய்க்கிழமை உத்திரமேரூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்குக் கதை சொல்லப் போயிருந்தேன். முப்பத்தொரு வருடம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் நான். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இப்போது குழந்தைகளுக்குக் கதைப் புத்தகம் எழுதுகிறேன், பள்ளி பள்ளியாகப் போய்ப் படித்தும் காட்டுகிறேன். இந்தத் தடவை பையில் கதையோடு ஒரு சண்டையும் இருந்தது.

தலைமையாசிரியரின் வருகைப் பதிவேட்டை ஓர் ஆடு தின்றுவிடுகிறது. அதுதான் புதுப் புத்தகம். கடைசிப் பக்கத்தில், "ஆகவே குழந்தைகளே, பொருள்களை அதனதன் இடத்தில் வைக்கப் பழகுவோம்" என்று முடித்திருந்தேன். பதிப்பகத்தில் என் எடிட்டர் சுதா அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்கிறாள். நான் மாட்டேன் என்கிறேன். மூன்று வாரமாக இழுபறி. வேலையைத்தான் விட்டாயிற்று, அந்தப் பக்கமும் போய்விட்டால் நான் டீச்சரே இல்லையோ என்று எனக்குப் பயம். அதைச் சுதாவிடம் சொல்ல முடியுமா? "பிள்ளைகளிடமே படித்துப் பார்க்கிறேன், அவர்கள் சொல்வதுதான் முடிவு" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். செவ்வாய் மதியம் இரண்டு மணிக்குள் புத்தகம் அச்சுக்குப் போயாக வேண்டும்.

செங்கல்பட்டில் காலை 8.20க்குப் பேருந்து, 9.45க்கு உத்திரமேரூர். நிலையத்துக்கு எதிரே இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, 60 ரூபாய். சட்னி பிரமாதம், காபியைப் பற்றிப் பேச வேண்டாம். ஊரின் குடவோலைக் கல்வெட்டைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் தாண்டிப் போகிறேன். பள்ளி, பெருநகர் சாலையில் ஒன்பது கிலோமீட்டர். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் நான் வடையில் மூழ்கியிருந்தபோது அது கிளம்பிவிட்டது. 200 கேட்டு 180க்கு இறங்கினார் ஆட்டோக்காரர் கன்னியப்பன்.

"இன்ஸ்பெக்சனா மேடம்?" என்றார், என் பையைப் பார்த்து.

"இல்லப்பா, பிள்ளைங்களுக்குக் கதை சொல்லப் போறேன்."

"கதை சொல்றதுக்கா செங்கல்பட்டுலேந்து வந்துகினு கீறீங்க?" வழியெல்லாம் சிரித்துக்கொண்டே ஓட்டினார். இரண்டு பக்கமும் கதிர் முற்றிய நெல், நடுநடுவே அறுவடை இயந்திரம். பள்ளி வாசலில் காசை வாங்கிக்கொண்டு, "சவாரி ஒண்ணும் இல்ல, நானும் கேட்டுட்டே போறேன்" என்று வகுப்பு ஜன்னலில் சாய்ந்து நின்றுவிட்டார்.

பதினொரு மணிக்கு நான்காம், ஐந்தாம் வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்தார்கள். நாற்பத்து மூன்று பேர். ஆடு பதிவேட்டை வாயில் கவ்வியதும் வகுப்பு அமளிதுமளியானது.

"டீச்சர், ஆடு பேப்பர துன்னும், அட்டைய துன்னாது!"

"எங்க வூட்டு ஆடு துன்னுமே!"

"உங்க வூட்டு ஆடு செருப்பையே துன்னும்!"

கன்னியப்பன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். எனக்கு ஒரே குஷி. அந்தக் குஷியிலேயே கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "ஆகவே குழந்தைகளே..." என்று ஆரம்பித்தேன்.

சிரிப்பு நின்றது. நாற்பத்து மூன்று முதுகுகளும் நிமிர்ந்தன. பை ஜிப்புகள் திறக்கும் சத்தம். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் ஜெனிபர் என்ற நான்காம் வகுப்புப் பெண் பணிவாகக் கேட்டாள்: "இத்த எழுதிக்கணுமா டீச்சர்?"

சுருக்கென்றது. அந்த நோட்டுகளை எடுக்க வைத்தது சத்தியமாக என் குரல்தான். முப்பத்தொரு வருடப் பழக்கம், 'ஆகவே' என்றதும் தானாக வந்துவிடுகிறது.

"வேண்டாம்மா, உள்ளே வை" என்றேன். "உனக்கு இந்தக் கதையிலே வேற என்ன தெரியணும்?"

அவள் யோசிக்கவேயில்லை. "அந்த ஆட்டுக்கு அப்புறம் இன்னா ஆச்சு?"

எனக்குத் தெரியவில்லை. பொருளை எங்கே வைப்பது என்று உபதேசம் பண்ணும் அவசரத்தில் ஆட்டை அம்போவென்று விட்டிருக்கிறேன். அசடு வழிய, "நீங்களே சொல்லுங்களேன்" என்றேன். வயிற்று வலி என்றான் ஒருவன். மாட்டாஸ்பத்திரி என்றாள் ஒருத்தி. மதிய உணவு வரிசையிலும் விவாதம் தொடர்ந்தது. கையில் தட்டும் முட்டையுமாக ஜெனிபர் என்னிடம் வந்தாள்.

"டீச்சர், அது எல்லார் பேரையும் துன்னுடுச்சு இல்ல? அப்போ யார் பேரைக் கூப்ட்டாலும் ஆடுதான 'மே'ன்னு சொல்லணும்?"

அங்கேயே சாப்பாட்டுக் கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்து, அவள் சொன்னதை வைத்தே புதுக் கடைசிப் பக்கத்தை எழுதினேன். ஏழு வரி. 1.25க்குச் சுதாவைக் கூப்பிட்டுப் படித்தேன். அவள் சிரித்த சிரிப்பு பக்கத்தில் இருந்தவர்களுக்கே கேட்டது. "பழைய பக்கம்?" என்றாள். "எடுத்துடு. நீ சொன்னதுதான் சரி" என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

போக நினைப்பவர்களுக்கு: அறுவடை சமயத்தில் சாலையில் நெல் காயும், நேரத்தைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். உச்சி வெயிலில் நகரப் பேருந்து குறைவு. நான் திரும்பும்போது நாற்பது நிமிடம் நின்றேன். பள்ளிக்குப் போவதாக இருந்தால் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கதை படிக்கும்போது பிள்ளைகளின் கைகளைக் கவனியுங்கள். கை நோட்டைத் தேடினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நான் பள்ளியை விட்டுக் கிளம்பும்போது நான்காம் வகுப்பில் மதிய வருகைப் பதிவு நடந்துகொண்டிருந்தது. இப்போதெல்லாம் செல்பேசியில்தான் பதிகிறார்கள், ஆனாலும் பேர் கூப்பிடுகிறார்கள். வகுப்பாசிரியை முதல் பேரைக் கூப்பிட்டார். "மே" என்று பதில் வந்தது. இரண்டாவது பேருக்கும் "மே". ஆசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார். நான் வாசலிலேயே நின்று கடைசிப் பேர் வரைக்கும் கேட்டேன். இத்தனை வருடம் பேர் கூப்பிட்டிருக்கிறேன், 'உள்ளேன் டீச்சர்' என்று ஒருவர்கூடச் சொல்லாத வகுப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன். அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள்.